ஒன்பது நாள் எடை

“அந்நியனின் விண்டோஸுக்கு அடிமையாக இருக்கும் வரை தமிழனின் தராசு நேராக நிற்காது. இன்றோடு நமக்கு விடுதலை” என்று பாஸ்கர் கை கூப்பி அறிவித்தபோது எதிரில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். ஏழு பேரும் விடுதலைக்காக வந்தவர்கள் அல்ல. மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளில் பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு எடை போட வந்தவர்கள். முக்கால் மணி நேரமாக வெயிலில் காத்திருந்தார்கள்.

விடுதலைக்கான காரணம் எளியது. பழைய விண்டோஸுக்கு இனி ஆதரவு இல்லை என்று திரையில் தினமும் செய்தி வந்தது. புதிய விண்டோஸ் அந்தக் கம்ப்யூட்டரில் ஏறாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய கம்ப்யூட்டரிலேயே ஏறக்கூடிய லினக்ஸ் இலவசம். பழைய விண்டோஸையும் பாஸ்கர் காசு கொடுத்து வாங்கியதில்லை; அப்படியானால் எந்த அடிமைத்தனம் என்று யாரும் கேட்கவில்லை. மவுஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் சாலையை ஒட்டி இருந்தது பாஸ்கரின் பழைய இரும்புக் கிடங்கு. எடை மேடைக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் அறை. பதினோரு வருடங்களாக அதில் உட்கார்ந்து எடைச்சீட்டு அடித்துக்கொடுப்பவள் ஃப்ளோரன்ஸ். பாஸ்கர் அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

“ஒரு வாரம் டைம் ஃப்ளோரன்ஸு. புதுசு கைக்கு வந்தா குந்து. வரலேன்னா பி.காம். படிச்ச பொண்ணு ஒண்ணு ரெடியா கீது.”

லினக்ஸை ஏற்ற வந்தவன் வண்ணாரப்பேட்டை கம்ப்யூட்டர் மெக்கானிக் தௌசீஃப். முப்பது வயது. லினக்ஸைப் பற்றிப் பேசும்போது, புது மாப்பிள்ளை மாமனார் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல அவன் முகம் மலரும்.

“அக்கா, இது படிச்சவங்களுக்குத்தான்னு சொன்னதெல்லாம் அந்தக் காலம். கீழ அதே பட்டன், அதே மவுஸு. பயப்படாம அமுக்குங்க. அமுக்கினா வெடிக்கவா போவுது?”

“வெடிச்சாகூடப் பரவால்ல தௌசீஃபு. வேலை போவக்கூடாது.”

மேடைக்கு அடியிலிருந்து வரும் எடை, சுவரில் பூட்டியிருந்த ஓர் இரும்புப் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். வெளியே சிவப்பு விளக்குப் பலகையில் எண்ணைக் காட்டுவதும் சீட்டு அடிப்பதும் கம்ப்யூட்டர்தான். பழைய எடை புரோகிராம் லினக்ஸில் ஓடாததால் தௌசீஃப் இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக ஒன்றை எழுதினான். இரும்புப் பெட்டியின் சாவி பாஸ்கரின் இடுப்பில் இருந்தது. ஆயுத பூஜை அன்று பெட்டிக்கு மட்டும் அவர் தம் கையாலேயே சந்தனம் குங்குமம் வைப்பார். கம்ப்யூட்டருக்கு யாரும் வைத்ததில்லை.

மூன்றே நாளில் ஃப்ளோரன்ஸுக்கு எல்லாம் பிடிபட்டது. சீட்டு அடித்தாள். கணக்கு விரிதாளைத் திறந்தாள். மெயில் அனுப்பினாள். பழையது போல நடுவில் நின்றுபோய், காத்திருப்பவர்கள் கதவைத் தட்டுவதும் இல்லை. நான்காம் நாள் வண்டிக்காரி பச்சையம்மா வண்டியை மேடையில் ஏற்றிவிட்டுப் பலகையைப் பார்த்தாள். வழக்கமாக அவள் வண்டிக்கு இரும்பு நூற்று எண்பத்து நாலு கிலோ காட்டும். அன்று இருநூறு.

“இன்னாமே இது, வர்ற வழியில இரும்பு குட்டி போட்டுடுச்சா?”

“கம்ப்யூட்டருல புதுசு போட்டுக்கீதுக்கா. தெளிவா காட்டுது” என்றாள் ஃப்ளோரன்ஸ், தானே அதைச் செய்தது போல.

சாயங்காலம் வீட்டில் இதை பிராங்கிளினிடம் சொன்னாள். அவளுடைய புருஷன். மூன்று வருடங்களாகப் பாயில் கிடக்கிறான். அதற்கு முன் மீன்பாடி வண்டியில் இரும்பு சுமந்து வந்து இதே மேடையில் போட்டவன். அவன் ஐநூறு கிலோ ஏற்றினேன் என்பான். பலகை நானூற்று அறுபது காட்டும். “என் தோளுக்குத் தெரியாதா?” என்று ஒருநாள் மேடையிலேயே சண்டை பிடித்தான். அத்தனை வண்டிக்காரர்களுக்கும் நடுவில் ஃப்ளோரன்ஸ் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: “கம்ப்யூட்டரு பொய் சொல்லாது. வழியில நாப்பது கிலோவ எறக்கி வித்துக் குடிச்சிட்டு வந்து எங்கிட்ட நியாயம் பேசறியா?” அதன் பிறகு அவன் ஒவ்வொரு நடையும் பலகை ஐநூறு காட்டும் வரை ஏற்றினான். ஒரு மழைநாளில், லாரி எஞ்சின் துண்டு ஒன்றைத் தோளுக்குத் தூக்கும்போது முதுகில் ஏதோ முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டதாம்.

ஒன்பதாம் நாள் பாஸ்கர் உருக்காலையிலிருந்து வந்த ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“வாங்கின இரும்பும் வித்த இரும்பும் ஒரே எடை காட்டுது. எப்படிம்மா ஒண்ணா இருக்கும்?”

வேறு எப்படி இருக்கும் என்று ஃப்ளோரன்ஸுக்குப் புரியவில்லை. தௌசீஃபை வரவழைத்தார்கள்.

“உன் லினக்ஸு எடையைக் கூட்டிக் காட்டுதுப்பா. வியாபாரமே பேஜாராயிடுச்சு.”

தௌசீஃப் பக்கத்துக் கடையிலிருந்து ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டைகள் பத்தை மேடையில் ஏற்றச் சொன்னான். பலகையில் ஐநூறு என்று வந்தது. பாஸ்கர் பெட்டியைத் திறந்து, சந்தனம் காய்ந்திருந்த மூடியைத் தட்டிப் பார்த்தார்.

“இதுக்குள்ளதான வெச்சிக் குடுத்தான், பழைய மிஷினைப் பூட்டுன ஆளு. அது எங்க போச்சு?”

“எது மொதலாளி?” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

அவர் பெட்டிக்குள் விரல் விட்டுத் துழாவினார். தௌசீஃப் லினக்ஸ் ஏற்றும் முன் பழைய கோப்புகளை மட்டும் நகலெடுத்து அலமாரியில் வைத்திருந்த டிஸ்க்கை மாட்டிப் பழைய எடை புரோகிராமின் கோப்புகளைத் திறந்தான். கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தான்.

“பெட்டியில ஒண்ணும் இல்ல சார். இங்க ஒரு வரி கீது. வர்ற எடையில நூத்துக்கு எட்டு கழிச்சிட்டுத்தான் பலகைக்கே அனுப்பியிருக்கு. தேதி பாருங்க, பதினோரு வருசம்.”

பதினோரு வருடங்களாகப் பாஸ்கர் பொட்டு வைத்தது தவறான பெட்டிக்கு.

“அது கரெக்ஷன்பா. மண்ணு, துரு, ஈரம், எல்லாம் இருக்குல்ல. அதே வரிய உன் லினக்ஸுல போட முடியாதா?”

“தாராளமா போடலாம். ஒரு நிமிச வேலை. நான் போட மாட்டேன்.”

பாஸ்கர் அவனை இரக்கத்துடன் பார்த்தார்.

“இதான் தம்பி பிரச்சினை. நல்ல சரக்குதான், இல்லேன்னு சொல்லல. ஆனா சாதாரண ஜனங்களுக்கு இது ஒத்து வராது.”

தௌசீஃப் பையை மாட்டிக்கொண்டான். போகும்போது ஃப்ளோரன்ஸிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான்.

மறுநாள் பாஸ்கரே ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல அவளை டைப் அடிக்க வைத்தார். இலவச லினக்ஸின் கோளாறால் ஒன்பது நாட்கள் எடை அதிகமாகக் காட்டியது, அதைக் கவனிக்காமல் விட்டது எடை ஆபரேட்டராகிய என் தவறு, வாடிக்கையாளர்கள் பொறுத்தருள வேண்டும். விண்டோஸ் ஏற்றுகிறவன் இன்னும் வரவில்லை. கடிதம் லினக்ஸிலேயே சுத்தமாக அச்சாகி வந்தது.

“நான் இன்னா தப்பு பண்ணேன் மொதலாளி?”

“நீ பண்ணலம்மா. எனக்குத் தெரியாதா? நாளைக்கு எட்டு எட்டா கொறையும், பத்து பேரு வந்து கேப்பான், செவுத்துல ஒட்ட ஒரு காயிதம் வேணும். அவ்ளோதான்.”

“கையெழுத்து போடலேன்னா?”

“போடலேன்னா நீயே வேணும்னு எடைய கூட்டிப் போட்டதா நான் எழுத வேண்டியதாயிடும். அப்பால உனுக்கு வேற எடத்துலயும் வேலை கெடைக்காது. பிராங்கிளினுக்கு மாத்திரை வாங்கணும்ல?”

அவர் குரலில் உண்மையாகவே அக்கறை இருந்தது. பேனா மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் பிராங்கிளின் குப்புறப் படுத்திருந்தான். ஃப்ளோரன்ஸ் தைலத்தைக் கையில் ஊற்றி அவன் முதுகில் தேய்த்தாள். நடுமுதுகில் எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும்; அந்த இடத்தில் விரல் மெதுவாகப் போக வேண்டும்.

“இன்னா ஃப்ளோரா, புது மிஷினு நல்லா ஓடுதா?”

“எடுக்கப் போறாங்க.”

“ஏன்?”

“எடை சரியில்லையாம்.”

“கொறைச்சலா காட்டுதா?”

“ஜாஸ்தியா காட்டுதாம்.”

அவன் சிரித்தான். சிரித்தால் முதுகு வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“நான் வண்டி ஓட்டுனப்ப வந்திருக்கக் கூடாதா அது?”

ஐநூறு காட்ட எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. ஐநூற்று நாற்பத்து மூன்று. ஒவ்வொரு நடைக்கும் நாற்பத்து மூன்று கிலோ. ஒரு நாளைக்கு மூன்று நடை.

“யோவ்” என்றாள்.

“இன்னா?”

“அன்னிக்கு மேடையில வெச்சு உன்ன ஒண்ணு சொன்னேன்ல.”

“அத்த இன்னுமா நெனச்சிகினு கீற? நீ சொன்னது கரெக்டுதான். தோளு இன்னா மிஷினா? அப்ப கொஞ்சம் குடிச்சிகினுதான இருந்தேன். வழியில எங்கயாச்சும் விழுந்திருக்கும்.” தலையைத் திருப்பி அவளைப் பார்க்க முயன்றான், முடியவில்லை. “கை இன்னா நின்னுடுச்சி? தேய்.”

தேய்த்தாள்.

மறுநாள் மதியத்துக்குள் விண்டோஸ் திரும்பி வந்தது. பழைய புரோகிராமும் வந்தது, அந்த வரியோடு. இந்த முறை பாஸ்கர் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்தார். கடிதத்தை மேடைக்கு எதிரே சுவரில் ஒட்டினார்கள். முதல் ஆளாகப் பச்சையம்மா வண்டியை ஏற்றினாள். பலகையில் நூற்று எண்பத்து நாலு.

“போன வாரம் எறநூறு வந்துதே. அதே சரக்குதான்மே.”

“அது கம்ப்யூட்டரு கோளாறு, அக்கா.”

பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சுவரில் இருந்த கடிதத்தை வெறுமனே ஒருமுறை பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குள் கையை நீட்டி, “சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். சீட்டைக் குடு” என்றாள்.

ஃப்ளோரன்ஸ் பட்டனை அமுக்கினாள். எதுவும் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். லினக்ஸ் போட்டதும் இனித் தேவைப்படாது என்று பிரின்டரை விண்டோஸில் ஓட வைக்கும் சிடியைப் பாஸ்கர் பழைய பிளாஸ்டிக்கோடு சேர்த்து எடைக்குப் போட்டிருந்தார்.

விண்டோஸில் பிரின்டர் வேலை செய்ய நான்கு நாள் ஆனது. அதுவரை பலகை காட்டிய எடையை எல்லாச் சீட்டுகளிலும் ஃப்ளோரன்ஸ் தன் கையாலேயே எழுதினாள்.