மாற்றி மாட்டிய பாட்டில்

எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்று அந்த வார்டில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. டாக்டருக்கே தெரியாது. ஆராய்ச்சியின் சட்டம் அப்படி. சட்டம் போட்ட மகராசர்கள் ஒரு நாளாவது பாட்டிலை எடுத்து மாட்டியிருந்தால்தானே! ஆன்டிபாடி என்ற அந்தப் புரத மருந்தை லேசாக ஆட்டினால் நுரை கட்டி நிற்கும்; உப்புத் தண்ணீரில் நிற்காது. நர்ஸம்மா அதை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

கண்டும் காணாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஏழாம் கட்டிலில் கிடந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி. ஹெபடைடிஸ் சி பத்து வருஷமாக அவன் ஈரலை அரித்துக்கொண்டிருந்தது. மாத்திரைகள் இரண்டு முறை கைவிட்டுவிட்டன. உறவு தெரிந்தால் அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று இருவரும் வாயே திறக்கவில்லை.

அன்று அவன் பாட்டிலில் நுரை இல்லை. எட்டாம் கட்டில் பெயின்டருடையதில் இருந்தது. பாசம் கண்ணை மறைத்தது. பாட்டில்களில் இருந்த இரண்டு பெயர் ஸ்டிக்கரையும் உரித்து மாற்றி ஒட்ட அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் முகம் வெளுத்து வந்தார். கையில், யார் யாருக்கு மருந்து என்று அதுவரை சீல் வைத்திருந்த பட்டியல்.

"கிருமியை அழிக்கணும்னு உடம்போட எதிர்ப்பு சக்தியை அவிழ்த்துவிட்டோம். அது ஈரலையே அழிக்குது. ஒருத்தர் கோமாவுக்குப் போயிட்டார். மருந்து ஏறின ஆறு பேரையும் உடனே வரச் சொல்லுங்க, அதை அடக்க ஸ்டீராய்டு போடணும். மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல, நிம்மதியா இருக்கட்டும்."

பட்டியலில் பெயின்டர் இருந்தார். தம்பி இல்லை. நர்ஸம்மா இன்னொரு முறை பட்டியலைப் படித்தாள். சொன்னால் வேலை போகும், ஜெயில்கூட வரலாம். சொல்லாவிட்டால்?

"டாக்டர், பெயின்டருக்கு ஏறினது உப்புத் தண்ணி. மருந்து ஏழாம் கட்டிலுக்குப் போச்சு. நான்தான் மாத்தினேன். அவன் என் தம்பி."

டாக்டர் போனை அவள் பக்கம் தள்ளினார்.

தம்பி மனைவிதான் எடுத்தாள். "காலையிலேருந்து தூங்குறாரு அண்ணி. ரெண்டு தடவை எழுப்பினேன். யாரோ தெரியாதவளைப் பாக்குற மாதிரி என்னைப் பாத்துட்டு, திரும்பப் படுத்துட்டாரு. பாவம், அசதி போல."

அது தூக்கமில்லை என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும்.