குளத்தில் விட்ட மீன்

வாளிக்குள் கிடந்த மீனை அதிகாரி கையுறை போட்டுத் தூக்கிக் காட்டியபோது, சனசமூக நிலையக் கூட்டத்தில் பெண்கள் பக்கம் இருந்த கஜந்தினி அதை உடனே அடையாளம் கண்டாள். ரேங்க் கிளீனர், தொட்டிச் சுவரில் படியும் பாசியைத் தின்னும் மீன். உடம்பெல்லாம் செதிலும் முள்ளும் புள்ளியுமாக, தண்ணீருக்கு வெளியேயும் சாகாமல் வாயைத் திறந்து மூடியது. இது நம்முடைய மீனல்ல, கண்ணாடித் தொட்டிகளுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்தது, குளக்கட்டைத் துளைக்கிறது, உள்ளூர் மீன்களின் முட்டையைத் தின்கிறது என்று அவர் விளக்கினார். அரசாங்கத்தின் திட்டப்படி ஞாயிற்றுக்கிழமை குளத்தை வற்றவிட்டு, வலைபோட்டு, எல்லாவற்றையும் கொன்று சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். முன்னுக்கு நிற்க வேண்டியவர் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புச் செயலாளர். அது அவளுடைய கணவன் கோபிசங்கர்.

அந்த மீன் குளத்துக்கு எப்படி வந்தது என்று கஜந்தினிக்குத் தெரியும். முந்தி அவள் முழுகாமல் இருந்தபோது, வீட்டுத் தொட்டியில் அவை கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. ஊர் வழக்கப்படி, மனைவியின் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது. அதனால்தான் கோபி அவற்றை உயிரோடு கொண்டுபோய்க் குளத்தில் விட்டான். அப்படிக் காத்தும் அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஊரெல்லாம் நேரத்தோடு சொல்லித் திரிந்ததால் கண்ணூறு பட்டுவிட்டது என்றே அவள் நம்பினாள். ஆகவே இப்போது மறுபடி முழுகாமல் இருப்பதைத் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை.

கோபி எழும்பி, அன்றைக்குத் தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று இழுத்தான்.

"உவருக்கு மீனைக் கண்டால் பயமாம்," என்றார் அமைப்பின் தலைவர் பரமலிங்கம். "சட்டிக்குள்ளை கிடந்தால் மட்டும் பயமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். கோபி அவளைத் திரும்பிப் பார்த்தான். சொல்லாவிட்டால் அவன் தன் கையால் கொல்ல வேண்டும். சொன்னால் இத்தனை வாயும் கண்ணும். சரி, வாறன் என்று சொல்ல அவன் வாயெடுப்பதைக் கண்டதும் தன்னை அறியாமல் எழுந்து நின்றாள்.

"அவர் வரமாட்டார், அண்ணை. அவர் கொல்லக்கூடாது."

"ஏன் பிள்ளை..." என்று தொடங்கிய பரமலிங்கம் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஓம், ஓம். கோபி வேண்டாம். நான் நிக்கிறன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பக்கத்து வீட்டு உதயகலா எழும்பி, ஓரத்தில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை இழுத்து அவள் பக்கம் திருப்பிவிட்டாள். காற்று முகத்தில் அடித்தது. கஜந்தினி சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடி, அது பறந்துவிடாமல் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.