தூக்கி இறக்கிய குழவி

ஒரு மாதம் கழித்து வந்தபோது சித்தம்மாவின் கர்ப்பப்பை முன்பைவிட இன்னும் கீழே இறங்கியிருந்தது.

பரிசோதித்த லேடி டாக்டர் பத்மாஸினி கையுறையைக் கழற்றிவிட்டு யோசித்தார். முப்பத்தெட்டு வயது, ஐந்து பிரசவம். ஆரம்ப நிலைதான், கத்தியில்லாமல் சமாளிக்கலாம் என்று போன மாதம் நினைத்திருந்தார். இனி ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க வேண்டியதுதான்.

ஆபரேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் சித்தம்மாவின் கைகள் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டன. அவளுடைய அக்கா மாதம்மா இதே கோளாறுக்காக ஆபரேஷன் மேஜையில் ஏறியவள். கொடுத்த மயக்கம் தெளியவே இல்லை.

"நான் சொன்னதைச் செய்தாயா, இல்லையா?" என்று டாக்டர் கன்னடத்தில் அதட்டினார்.

செய்தேன் என்று தலையாட்டினாள். சொல்லிக் காட்டக் கன்னடம் போதவில்லை. எழுந்து, மூலையில் இருந்த மர முக்காலியைத் தலைக்கு மேலே தூக்கி, தரையில் இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"இப்பிடித்தானுங்க. ஊட்டுல ஆட்டுக்கல்லுக் குழவி. காலைல இருவது, சாயங்காலம் இருவது. ஒரு நாள் உடலீங்க."

டாக்டர் பாய்ந்து முக்காலியைப் பிடுங்கினார்.

"யார் சொன்னா இப்படிப் பண்ணச் சொல்லி?"

"நீங்கதானுங்க. 'தூக்கி இளிசு, தூக்கி இளிசு'ன்னு ரெண்டு வாட்டி சொன்னீங்க."

டாக்டர் சொன்னது 'தூகா இளிசு'. கன்னடத்தில் தூகா என்றால் எடை. உடம்பு எடையைக் குறை என்று அர்த்தம். கணவன் லிங்கப்பனுக்கு ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்து, தமிழ் பேசும் எல்லையோரக் கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்த சித்தம்மாவுக்குப் பாதிக் கன்னடம்தான் தெரியும். இளிசு என்றால் இறக்கு என்று தெரியும். மீதியைத் தமிழ்க் காது நிரப்பிக்கொண்டது. "தசரா குஸ்திக்குப் பேரு குடுத்துட்டியா புள்ள?" என்று லிங்கப்பன் கேலி செய்தும் அவள் விடவில்லை.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

"நீ தமிழா? பேரைப் பார்த்து நான் கன்னடம்னு நினைச்சேனே. நாங்களும் ஆத்துல தமிழ்தான். மேல்கோட்டை ஐயங்கார்."

சித்தம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நீங்க பேசறது தமிழுங்களா?"

"உன்னோடதுதான் எனக்கு அப்படி இருக்கு. படு. இனிமே தமிழ்லயே சொல்றேன். ஒண்ணையும் தூக்கப்படாது. குடத்தை உன் புருஷன் தூக்கட்டும்."

"தெருவே சிரிக்குமுங்க."

"சிரிக்கட்டும். இப்போ கண்ணை மூடிக்கோ. மூத்திரம் போறச்சே நடுவுல நிறுத்தணும்னா எதை இறுக்குவே? அதை மட்டும் இறுக்கி, உள்ளுக்கு இழு."

சித்தம்மா வயிற்றை எக்கினாள். பிறகு தொடையை இறுக்கினாள். பிறகு பல்லைக் கடித்தாள்.

"பல்லை விடு. அது அங்கே இல்லை. மூச்சை அடக்காதே."

எங்கே, எங்கே என்று அவள் தன் உடம்புக்குள் இருட்டில் துழாவினாள். ஐந்து பிள்ளைகள் வந்த வழி. வலியைத் தவிர அங்கே எதையும் அவள் அறிந்ததில்லை. திடீரென்று, அடியில் ஏதோ ஒன்று சுருங்கி மேலே எழும்பியது. விட்டாள், அமர்ந்தது. நினைத்தாள், மறுபடி எழும்பியது.

கண்ணைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, இது எத்தன நாளா இங்க இருக்குது?"

"நீ பொறந்ததுலேருந்து."

சித்தம்மாவுக்கு, குடியிருந்த வீட்டில் ஒரு அறையை முப்பத்தெட்டு வருஷம் திறக்காமலே இருந்ததுபோல் இருந்தது.

"தினம் மூணு வேளை, வேளைக்குப் பத்து. இருமினாலும் தும்மினாலும் முன்னாடியே இறுக்கிக்கோ. வெல்லத்தைக் குறை. கீரை நிறைய சாப்பிடு, வெளிக்குப் போறச்சே முக்கப்படாது. காலாற நட. மூணு மாசம் பார்க்கலாம். அதுக்கும் ஏறலேன்னா ஆபரேஷன்தான்."

அந்த மூன்று மாதமும் லிங்கப்பன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். தெரு சிரித்தது. "பட்டறையில இரும்பத் தூக்கறேன், இதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு நடந்தான். சித்தம்மா கீரை ஆய்ந்தாள், கொண்டைக்குப் பூ வைத்தாள், பக்கத்து வீட்டு ரங்கம்மாவிடம் புடவை விலை பேசினாள். அத்தனைக்கும் நடுவே யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒன்றை எழுப்பி, ஐந்து எண்ணி, அமர்த்தினாள்.

மறுபடி வந்தபோது ஆஸ்பத்திரித் தராசு பதினாலு ராத்தல் குறைவாகக் காட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை. மேஜையில் படுத்து, அக்காவின் முகத்தை நினைக்காமலிருக்கக் கூரையைப் பார்த்தாள்.

"இருமு," என்றார் டாக்டர். இருமினாள். "இப்போ இறுக்கு."

இறுக்கினாள். டாக்டரின் புருவம் உயர்ந்தது. இன்னொரு தடவை இறுக்கச் சொன்னார். சோதனைக்கு இல்லை, நம்புவதற்கு.

"முழுக்க ஏறலை. ஆனா தாங்கறது. நன்னாவே தாங்கறது. கத்தி வேண்டாம் சித்தம்மா. விடாம பண்ணிண்டிரு, விட்டா இறங்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு."

சித்தம்மா கைகூப்பினாள்.

வெளியே மர பெஞ்சுகளில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு. இவர்கள் எல்லோருக்குள்ளும் அது இருக்கிறது, பிறந்ததிலிருந்து இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கதவருகே தலை குனிந்திருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தமிழுங்களா?" என்று கேட்டாள்.