ஜில்லென்று ஒரு டம்ளர் தண்ணீர்

அந்தப் பெண்ணைத் தெருவே 'சின்ன முதலாளி' என்றுதான் கூப்பிடும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை அப்பாவுடையது, வாய் அவளுடையது. வாடிக்கையாளரிடம் அப்பா மென்று விழுங்குவதை அவள் பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள். "கம்ப்ரசர் போயிடுச்சு சார். மாத்தினா ஓடும், மாத்தலைன்னா அலமாரியா வச்சுக்கலாம்" என்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தபோதுகூட அவள் துள்ளிக் குதிக்கவில்லை. மார்க் இருக்கிறது, கொடுக்காமல் எங்கே போவார்கள் என்றாள். கட்டணத்தைக் கேட்ட அப்பாதான் கடைக் கணக்கு நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

முதலில் வங்கிக்குப் போனார்கள். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஈடு வைக்க வீடு, நிலம் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க."

"கடையாவது சொந்தமா?"

"வாடகைங்க."

மேனேஜர் பேனாவை மூடிவிட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "இருக்கிறவனுக்குத்தான் குடுப்பாங்க போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவளுக்கு அப்போது வேறு வேலை இருந்தது. கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவுக்கு நடையாய் நடந்து, அங்கிருந்த எழுத்தரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டாலே ஃபைலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்ட அந்த மனிதர் கடைசியில் ஓர் அறக்கட்டளையைக் காட்டிக் கொடுத்தார். அங்கேயே படித்து முன்னுக்கு வந்தவர்கள் சேர்ந்து நடத்துவது. வசதியில்லாத பிள்ளைகளுக்கு முழுப் படிப்புக்கும் பணம் கட்டுவார்கள், திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். நிஜமாகவே கட்ட முடியாத குடும்பம் என்று அவர் எழுதினால்தான் உண்டு.

"வந்து பார்க்கட்டுமே. நம்ம வீட்டைப் பார்த்தா அவங்க வேற என்னத்த எழுதப்போறாங்க?" என்று சிரித்தாள் சின்ன முதலாளி. அப்பாவிடம், "படிப்புக்குப் பணம் குடுக்கிறவங்க வீட்டைப் பார்க்க வராங்கப்பா" என்று மட்டும் சொல்லிவைத்தாள். எதற்கு என்று விளக்கவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன என்று நினைத்துவிட்டாள்.

குறிப்பிட்ட நாளில் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ரிப்பேர் முடிந்த ஒரே ஃபிரிட்ஜை உரியவர் வீட்டில் இறக்கிவிட்டு மகள் ஓட்டமும் நடையுமாய்த் திரும்பியபோது, அறக்கட்டளை அம்மாள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் இடமில்லாமல் வீட்டில் மூலைக்கொன்றாய்க் கிடந்த ஊரார் ஃபிரிட்ஜெல்லாம் சுவரோரம் வரிசை கட்டி நின்றன. அப்பா அவற்றைக் கார் பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தார். போதாததற்கு இரண்டு வாஷிங் மெஷின், ஒரு ஏசி. சின்ன வீடு பெரிய ஷோரூமாகப் பளபளத்தது.

"எல்லாம் உங்களுதா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"எங்களுதுதாம்மா! எங்களுக்கு என்னம்மா குறை?" என்றார் அப்பா. துவைத்த சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அந்த அம்மாள் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வங்கியில் ஒன்றுமில்லை என்று சொன்னதற்கு ஒரு பேனா மூடிக்கொண்டது. அதனால் இங்கே எல்லாம் இருக்கிறது என்கிறார் அப்பா.

பொய் என்று போட்டு உடைக்க ஒரு நொடி போதும். ஆனால் அந்த நிமிர்ந்த நெஞ்சு? அவள் முதல் முறையாக வார்த்தையைத் தேடினாள். தேடினாளே தவிர, பயப்படவில்லை.

"அப்பா, இந்த அம்மா வெயில்ல வந்திருக்காங்க. ஜில்லுனு ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றாள்.

அப்பா டம்ளரை எடுத்தார். முதல் ஃபிரிட்ஜின் முன் நின்றார். பிறகு அடுத்ததன் முன். பாலிஷில் அவர் முகமே அவரைப் பார்த்தது. தயங்கித் தயங்கி ஒன்றைத் திறந்தார். மடித்து வைத்த துணிகள் சரிந்து விழுந்தன. இன்னொன்றில் மகளின் புத்தகங்கள்.

"ஒண்ணும் ஓடாதும்மா" என்றார், குரல் இறங்கி. "ஒண்ணும் எங்களுதும் இல்ல. பேங்க்ல இல்லைன்னு சொன்னேன், அனுப்பிச்சுட்டாங்க. இருக்குன்னு காட்டினாத்தான் குடுப்பீங்கன்னு நினைச்சேன்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "மெக்கானிக் வீட்டுல ஓடுற ஃபிரிட்ஜ் ஒண்ணுகூடவா இல்ல?" என்று மகளைக் கேட்டார்.

"சரியானதும் உரியவங்க வீட்டுக்குப் போயிடும்மா. கெட்டது மட்டும்தான் எங்ககூடத் தங்கும்."

அவர் பேனாவைத் திறந்து, எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ இந்த வீட்டுல உங்களுதுன்னு என்னதாங்க இருக்கு?"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் காலி டம்ளர்.

"இவ ஒருத்திதாம்மா. பேங்க்ல இவளை ஈடா எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க."

"நாங்க எடுத்துக்கிறோம்" என்றார் அந்த அம்மாள், எழுதிக்கொண்டே.

சின்ன முதலாளி அப்பா கையிலிருந்த டம்ளரை வாங்கிக் குழாயடிக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார்.