இறக்கையை விட்டு இறங்காத ஏவுகணை

அக்கா ஏவுகணைக்கு மூக்குச் செய்பவள். மூக்கென்றால், இலக்கைத் தானே தேடிப் பிடிக்கிற குட்டி ரேடார். தம்பி போர் விமானி. கண்ணுக்கு எட்டாத தொலைவில் பறக்கும் விமானத்தையும் துரத்தி அடிக்கும் அந்தப் புது ஏவுகணையை, முதன்முதலாக வானத்திலிருந்து ஏவிப் பார்க்க அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் பெருமை பிடிபடவில்லை. அக்கா மட்டும் பழைய சோதனை அறிக்கைகளை மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ செஞ்சதுன்னாலே பயமா இருக்கு" என்று சாப்பாட்டு மேசையில் வம்பிழுத்தான் தம்பி. "நீ பஞ்சர் ஒட்டின சைக்கிள்லதான் என் பல்லு போச்சு."

"பல்லு போனது உன் வாயால. வாயை மூடிட்டு ஓட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

சோதனை நாளில், ஏவுகணை அனுப்பும் சமிக்ஞைகளைத் தரையிலிருந்து கண்காணிக்கும் வேலை அவளுடையது. கடலுக்கு மேலே ஆளில்லாத இலக்கு விமானம் பறந்துகொண்டிருந்தது. தம்பி பொத்தானை அழுத்தினான். ஏவுகணை இறக்கையை விட்டு அசையவே இல்லை. மறுபடி அழுத்தினான். ஊஹும்.

கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் அவள் திரையைச் சுற்றிக் கூடினார்கள்.

"கடல்ல தள்ளிடச் சொல்லலாமா?" என்றார் சோதனை இயக்குநர்.

"வேணாம் சார். பாதி கழண்டு தொங்கிட்டா இன்னும் ஆபத்து." அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஏவுகணையைக் கிளப்பும் மோட்டாரின் பாதுகாப்புப் பூட்டு மூடியே இருந்தது, தீப்பிடிக்க வழியில்லை. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். "மோட்டார் பூட்டு திறக்கல. அப்படியே கூட்டிட்டு வாங்க."

"சரிங்க மேடம். இறங்கும்போது குலுங்கினா?"

"குலுக்காம இறக்குடா!"

அத்தனை பேருக்கும் அது கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. தொப்பென்று இறக்குவதற்குப் பேர்போன தம்பி, தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல விமானத்தை ஓடுபாதையில் இறக்கினான். சக்கரம் நின்ற பிறகுதான் அவள் திரையை விட்டுக் கண்ணெடுத்தாள்.

கழற்றிப் பார்த்தபோது, இறக்கைக்கும் ஏவுகணைக்கும் இடையிலிருந்த இணைப்பில் ஒரு கம்பி முனை வளைந்திருந்தது. 'கிளம்பு' என்ற கட்டளை போய்ச் சேரவே இல்லை. இணைப்பை மாற்றி, ஆற அமரச் சோதித்து, அடுத்த வாரம் மீண்டும் கிளம்பினார்கள்.

இம்முறை ஏவுகணை சமர்த்தாக விழுந்தது, நெருப்பைக் கக்கியது, சீறிக்கொண்டு போனது. தம்பி உடனே விமானத்தைத் திருப்பினான். ஏவுகணை போகப் போக மூக்கைத் திறந்து, தானே தேடி, இலக்கைப் பிடித்துவிட்டது. அறையே எழுந்து கைதட்டியது.

"என்ன மேடம், சத்தம் பலமா இருக்கு? அடிச்சிருச்சா?"

"நீ பாக்கலையா?"

"எங்க பாக்கறது? விட்ட உடனே திரும்பிடணும், அதுக்குத்தானே இவ்ளோ தூரம் போற மாதிரி செஞ்சிருக்கோம்னு நீதானே உயிரை வாங்கின?"

அவள் ஒலிவாங்கியை இயக்குநரிடம் நீட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரே பேசினார்.

"அடிச்சிருச்சுப்பா. உங்க அக்கா அழுதுட்டு இருக்காங்க. சீக்கிரம் இறங்கி வா."