கூடவே பாடியவர்கள்

என் வீட்டு வாசலில் அத்தனை செருப்பை நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரின் பாட்டுகளை வைத்து ஆல்பம் போடப் போகிறார்களாம், அதற்குச் சம்மதம் கேட்க வந்திருந்தார்கள். சம்மதம் கேட்க ஒரு ஆள் போதாதா? எங்கள் பேட்டை கொச்சங்காடியில் பாதி கிளம்பி வந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் ஒருத்தன் என் கிரைண்டர் மேல் உட்கார்ந்திருந்தான். எழுந்திருடா என்றேன். எழுந்தான்.

என் வீட்டுக்காரர் சிகாபுதீன். மட்டாஞ்சேரிக் கல்யாண வீடுகளில் ஆர்மோனியப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, தானே கட்டிய பாட்டுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் பாடுகிறவர். பாடியவர் என்று சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் அவர் குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். புற்று. உயிர் மிஞ்சியது, அல்ஹம்துலில்லாஹ். கழுத்தில் ஒரு துளையும் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியும் மிஞ்சின. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் தட்டிக் காட்டுவார். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ், ஆனால் மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கு மலையாள எழுத்துதான் கைக்கு வரும். தமிழை அந்த எழுத்தில் தட்டுவார், நான் படித்துக்கொள்வேன்.

வந்த ரசிகர் கூட்டத்துக்கு ஷானவாஸ்தான் தலைவன். மைக் செட் வாடகைக்கு விடுகிற பையன். அவனுக்கு அவர் அண்ணன் முறையில் இக்கா, நான் அக்கா முறையில் இத்தா. கடையின் பின்னறையில் பாட்டுப் பதிவும் செய்வான்.

"இக்கா பாடின பாட்டையெல்லாம் நாங்க ஆளுக்கொண்ணாப் பாடறோம் இத்தா. கடைசிப் பாட்டு மட்டும் இக்காவோட சொந்த சத்தத்துல வைக்கணும். எங்க போன்ல வீடியோ எவ்வளவு கிடக்குது! அதுல நல்லதா ஒண்ணு எடுத்துச் சேர்த்தா மதி, அது போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆளு உன் முன்னால உக்காந்து சாயா குடிச்சிட்டிருக்கார். அதுக்குள்ள நினைவஞ்சலி போட வந்துட்டியா? அறிவு இருக்காடா உனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் வீட்டுக்காரர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். பிறகு போனில் எதையோ தட்டி எனக்கு மட்டும் காட்டினார்.

"பாடட்டும் ஃபாத்து. அந்தக் கடைசிப் பாட்டை நான் கேக்கணும். என் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துக்கிட்டு வருது."

சரி, பாடுங்கடா என்றேன். அவரிடம் சொல்லவில்லை, எனக்கும் மறந்துகொண்டுதான் வந்தது. அவர் சொன்ன வார்த்தைகள் நினைவிருந்தன. எந்தக் கல்யாணத்தில் என்ன கேலி செய்தார் என்பதுகூட நினைவிருந்தது. சத்தம் மட்டும் பிடிபடாமல் நழுவியது. பக்கத்திலேயே படுத்திருக்கிற மனுஷனின் குரலை நினைத்து நினைத்துப் பார்த்துத் தோற்றுப்போவது எப்படி இருக்கும் என்று யாருக்கும் விளக்க முடியாது.

பாட்டுக்காரருடைய குரல் வீட்டில் எதிலும் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. எர்ணாகுளத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டு ஒருமுறை இவர் போனார். கண்ணாடி அறைக்குள் தனியாக நிற்க வைத்தார்களாம். "ஆளில்லாத ரூம்ல யாருக்குடி பாடுறது?" என்று திரும்பி வந்துவிட்டார். பந்தலிலும் மைக் இல்லாமல்தான் பாடுவார், கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் அவர் படத்துக்குச் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். போனில் குரலைப் பதிந்து அனுப்புகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது, கூப்பிட்டுத்தான் பேசுவார். நான் தேங்காய் துருவும்போது அடுக்களைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று பாடுவார். தள்ளி நில்லுங்க, மேல தெறிக்கும் என்பேன். அதையெல்லாமா ஒருத்தி பதிந்து வைப்பாள்?

பதிவு தொடங்கியது. ஷானவாஸின் பின்னறையில் எதிரொலி அடித்தது என்று சுவர் முழுக்கச் சாக்கு தொங்கவிட்டார்கள். சாக்கு கொண்டுவந்தவன் மாரிச்செல்வம். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், மிளகு கிடங்கில் சுமை ஏற்றுகிறவன். என் வீட்டுக்காரரின் ரசிகர்களிலேயே பெரிய தொண்டைக்காரன். எந்தப் பந்தலில் இவர் பாடினாலும் முதல் வரிசையில் நின்று கத்துவான். அழைப்பு இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டான். அவன் கொண்டுவந்தது மிளகுச் சாக்கு. முதல் பாட்டில் முதல் வரி முடிவதற்குள் பாடியவன் தும்மினான், தபேலாக்காரன் தும்மினான், அறையே தும்மியது. என் வீட்டுக்காரர் கழுத்துத் துணியைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏன்டா, உனக்கு அரிசிச் சாக்கு கிடைக்கலையா?" என்று மாரியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க கிடங்குல மிளகுதானக்கா இருக்கு" என்றான், பெரிய நியாயம்போல.

உதறிக் காயவைத்து மறுபடி தொங்கவிட்டார்கள். அவர் தினமும் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாராவது தாளம் தவறினால் விரலால் நாற்காலிக் கையைத் தட்டுவார். பாடுகிறவன் நிறுத்திவிட்டுத் திரும்பப் பாடுவான். நன்றாகப் பாடினால் கண்ணை மூடிக்கொள்வார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டது அந்த நாட்களில்தான். எனக்கும் கோபம் ஆறிவிட்டது. மீன் பொரித்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

கடைசிப் பாட்டுக்கு வந்தார்கள்.

பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது அவர் பாடுகிற பாட்டு அது. "வாசல் வரைக்கும் வந்த மகளே, வளையல் சத்தம் விட்டுட்டுப் போ." இந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் பக்கம் பெண் வாசற்படி தாண்ட மாட்டாள். முதல் வரியில் அவர் வலது கையை உயர்த்துவார். பந்தல் முழுக்கச் சேர்ந்து பாட ஆரம்பிக்கும். பெண்ணின் வாப்பா அழுதுகொண்டே பாடுவார், பந்தல்காரன் பாடுவான், பிரியாணி அண்டா கழுவுகிறவன்கூடப் பாடுவான்.

ஷானவாஸ் தன் போனை ஸ்பீக்கரில் மாட்டி வீடியோவைப் போட்டான். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நானும் அன்று போயிருந்தேன்.

ஸ்பீக்கரில் வந்தது ஷானவாஸின் குரல். போனைப் பிடித்திருந்தவன் வாய்தானே போனுக்குப் பக்கம்? தூரத்தில் எங்கோ ஆர்மோனியம் கேட்டது, அதன்கூட ஏதோ ஒரு முனகல். அதுதான் என் வீட்டுக்காரர்.

"இது வேண்டாம், வேற போடலாம்" என்றான். இன்னொருவன் போன். அதில் அவன் குரல். இன்னொருவன், அவன் குரல். ஒவ்வொருவனும் தன் போனை நீட்டினான், ஒவ்வொன்றிலும் அவனவன் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தான். மாரியின் போனைப் போட்டதும் ஸ்பீக்கரே அதிர்ந்தது. எல்லாரிடமும் அவர் முகம் இருந்தது. வாய் அசைந்தது, கை உயர்ந்தது. மற்றப் பாட்டுகளைத் தேடிப் பார்த்தாலும் அதே கதைதான், குரல் ஒருத்தனிடமும் இல்லை.

"கம்ப்யூட்டர்ல பிரிச்சு எடுக்கப் பார்க்கறேன் இக்கா" என்று ஷானவாஸ் எதையெதையோ அழுத்தினான். வந்தது தண்ணீருக்கடியில் யாரோ பேசுவதுபோல இருந்தது. நிறுத்திவிட்டான். அவர் கை நாற்காலிக் கையைப் பிடித்தபடியே இருந்தது, தட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"உங்களை யாருடா பாடச் சொன்னது?" என்று கத்தினேன். "பாவிகளா, ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒரு பாட்டுக்கு வாயை மூடிட்டு நின்னிருக்கக் கூடாதா? அவர் பாட்டைக் கேக்கத்தானடா வந்தீங்க? உங்க பாட்டையா கேக்க வந்தீங்க?"

மாரி சாக்கைப் பிடித்துக்கொண்டு விம்மினான். என் வீட்டுக்காரர் நெடுநேரம் போனில் தட்டினார். வழக்கமாக எனக்குக் காட்டுகிறவர் அதை ஷானவாஸிடம் கொடுத்தார். அவன் உரக்கப் படித்தான்.

"அவங்களை ஏசாதே ஃபாத்து. கையைத் தூக்கிப் பாடச் சொன்னது நான்தானே."

படித்து முடிப்பதற்குள் அவனும் அழுதுவிட்டான்.

கடைசிப் பாட்டில்லாமலே ஆல்பத்தை வெளியிடலாம் என்று முடிவானது. அவர் சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். மறுநாள் நாற்காலிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கஞ்சியை வைத்தால் தொட்டுவிட்டுத் தள்ளினார்.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம் மாரி ஓடிவந்தான். கிடங்கிலிருந்து அப்படியே வந்திருக்கிறான், தலையெல்லாம் மிளகுத் தூசி. நான் வாசலிலேயே மறித்தேன்.

"திரும்பவும் எதுக்குடா வந்தே?"

"அக்கா, திட்டுறதைப் பொறவு திட்டுங்க. இதைக் கேளுங்க."

பள்ளுருத்தியில் ஒரு கல்யாணம், அதில் எடுத்த வீடியோ. பாட்டு முடிந்ததும் இந்த மடையன் போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போயிருக்கிறான். அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. படம் முழுக்க இருட்டு. சட்டை உரசுகிற சத்தம், இவன் எலும்பு கடிக்கிற சத்தம், இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க சேட்டா என்று கேட்பது எல்லாம் இருந்தது. பிறகு கை கழுவிவிட்டு, இவரிடம் சொல்லிக்கொள்ள வந்து பக்கத்தில் நின்றிருக்கிறான் போல. அப்போது இவர், எல்லாக் கல்யாணத்திலும் செய்கிற மாதிரி, பெண்கள் இருக்கும் பக்கம் அடுக்களை வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஃபாத்தூ... கழிஞ்சுதா? வீட்டுக்குப் போவமா?"

அவ்வளவுதான். முடிந்ததா என்பதை அவர் எப்போதும் மலையாளத்தில் கழிஞ்சுதா என்றுதான் கேட்பார். பின்னால் யாரும் பாடவில்லை, யாரும் கைதட்டவில்லை. பொண்டாட்டியைக் கூப்பிடுகிறவனோடு சேர்ந்து யார் பாடப் போகிறார்கள்?

யா அல்லாஹ், அந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு, கடைசியில் இழுத்து மேலே தூக்குகிற அந்தப் "போவமா". எல்லாம் திரும்பி வந்துவிட்டது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அவர் எழுந்து வந்திருந்தார். மாரியின் கையிலிருந்து போனை வாங்கி, திரும்பப் போட்டார். காதில் வைத்து இன்னொரு முறை போட்டார். பிறகு மாரியின் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். மிளகுத் தூசியில் அவருக்கு இருமல் வந்தது, விடவில்லை.

ஷானவாஸுக்கு விஷயம் தெரிந்ததும் குதித்தான். ஆல்பத்தின் கடைசியில் அதை வைத்தே தீர வேண்டும் என்றான். அவர் மறுத்துவிட்டார். "அது பாட்டில்ல. அது ஃபாத்துவுக்கு" என்று தட்டினார்.

ஆல்பம் அது இல்லாமல்தான் வந்தது. எர்ணாகுளத்தில் பஸ்ஸிலெல்லாம் போட்டார்கள். இவர் அந்தத் துண்டைத் தன் போனில் வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் படாதபாடு படுத்தினார். மார்க்கெட்டில் நான் மீன்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து வரும், ஃபாத்தூ, கழிஞ்சுதா? நாத்தனார் வீட்டில் பேச்சு நீண்டால் வரும். "வர்றேன், வர்றேன், ஒரு நிமிஷம் இருக்க மாட்டீங்களா?" என்று பழையபடி எரிந்து விழுவேன். எரிந்து விழ எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. பிறகு நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது. திரும்ப அதே ஆஸ்பத்திரி. ஜன்னலில் வல்லார்பாடத்துத் துறைமுகக் கிரேன்கள் தெரியும், அவற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். இன்னொரு மருந்து முயற்சி செய்யலாம் என்று டாக்டர் என்னிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஃபாத்தூ... கழிஞ்சுதா? வீட்டுக்குப் போவமா?"

நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள், யார் பேசியது என்று. அவர் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்று நான் எரிந்து விழவில்லை.

"கழிஞ்சுதுங்க. போவம்" என்றேன்.

கூட்டி வந்துவிட்டேன். வீட்டில்தான் போனார், என் கை பிடித்தபடி.

போன வாரம் ஷானவாஸுக்குக் கல்யாணம். பெண் புறப்படும்போது ஆல்பக்காரர்கள் எல்லோரும் மேடையேறி அந்தப் பாட்டைப் பாடினார்கள். மாரிதான் கையை உயர்த்தினான். பந்தலே பாடியது. நானும் பாடினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. கூட்டம் கலைந்தது. பெண்களை அவரவர் வீட்டு ஆண்கள் வந்து கூப்பிட்டுப் போனார்கள். நான் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாரும் போயிட்டாங்களேக்கா, நீங்க இன்னும் கிளம்பலையா? ஆட்டோ பிடிக்கட்டுமா?" என்று மாரி வந்து கேட்டான்.

அவருடைய போன் என் பைக்குள் இருக்கிறது. அழுத்தினால் கூப்பிடுவார். அவர் போன பிறகு நான் ஒருமுறைகூட அழுத்தவில்லை. கூப்பிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே யார் இருக்கிறார்கள்?

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்டா" என்றேன்.