தங்காத மருந்து

என் அக்கா மப்ரூக்காவின் இடது மார்பை எடுத்து இரண்டு வருடம் கழித்து, புற்று அக்குளிலும் ஈரலிலும் திரும்ப வந்தது. கீமோவுக்கு அது மசியவில்லை. ஸ்பாக்ஸ் நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் ரீம் ஒரு சோதனைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். பால் கொடுக்கும் மார்பு அயோடினை இழுக்கும். சில மார்புப் புற்றுகளும் அப்படி இழுக்கின்றன. கதிர்வீச்சு அயோடினைக் கொடுத்தால், கட்டி அதைத் தானே உள்ளே இழுத்து வெந்துபோகலாம்.

"போகலாம்னுதான் சொல்றேன். முதல்ல ஸ்கேன்ல பாக்கணும். அதுவரைக்கும் மீன், கடல் உப்பு எதுவும் கூடாது. உடம்பு அயோடினுக்கு ஏங்கணும்."

அக்கா சிரித்துவிட்டாள். "டாக்டரம்மா, நான் கெர்கென்னா தீவுக்காரி. என் புருஷன் பேய்க்கணவாய் புடிக்கிறவன். கல்லத் தின்னுன்னு சொல்லியிருந்தா லேசா இருந்திருக்கும்."

வீட்டில் லசாத் அத்தானும் உப்பில்லாத ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் மாறினார்.

"உனக்கென்னடா தலையெழுத்து? நீ படகுல நிக்கணும்," என்று அக்கா திட்டினாள்.

"நீ மட்டும் மூஞ்சியச் சுளிச்சா எனக்குத் தொண்டைல எறங்குமா? சேந்தே சுளிப்போம்."

கழுத்துச் சுரப்பி அயோடினைத் தின்றுவிடாமல் அடக்கிவைக்க மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஸ்கேன். அக்குளில் கரும்புள்ளி பளிச்சென்று தெரிந்தது. ஈரல் பக்கம் ஒன்றுமே இல்லை.

டாக்டர் ரீம் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. "அக்குள்ல இருக்கிறது இழுக்குது. ஈரல்ல இருக்கிறதுக்கு அயோடின் நுழையிற வாசல் செல்லுக்கு வெளிப்பக்கம் வரவே இல்ல. இழுக்கிற கட்டிலயும் மருந்து ரொம்ப நேரம் தங்காது. கழுத்துச் சுரப்பி மாதிரி அதுக்குப் புடிச்சு வச்சுக்கத் தெரியாது."

"அப்ப எதுக்கு இது?" என்றேன் நான்.

அக்கா என்னை அடக்கினாள். "நீ சும்மா இரு, நஜியா. கையத் தூக்கித் தலை சீவி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? குடுங்க டாக்டரம்மா."

மருந்தை விழுங்கியதும் ஈயச் சுவர் அறையில் அவளைத் தனியாக வைத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அழுதேன். அவள் கையசைத்துப் போகச் சொன்னாள்.

அக்குள் கட்டி வற்றியது. ஒரு நாள் காலையில் அவளே சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டாள். அத்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு அடுத்த மாதம் கண்கள் மஞ்சளாயின, வயிறு ஊதியது. ஈரல் தன் வேலையைக் காட்டிவிட்டது. குளிர்காலம் முடியும் முன்பே போய்விட்டாள்.

குளிப்பாட்ட வந்த பெண்கள் முற்றத்திலேயே நின்றுவிட்டார்கள். அத்தானின் அத்தை சல்ஹா சொன்னாள்: "அவ உடம்புல கதிர் ஏத்திருக்காங்களாம். தொட்டா நமக்கும் ஒட்டும்."

"அது மாசக்கணக்குக்கு முன்னாடி. எப்பவோ போயிடுச்சு," என்றேன்.

"உனக்கு டாக்டரு சொல்லியிருப்பாங்க. எங்களுக்கு யாரு சொன்னாங்க?"

யாரும் நகரவில்லை. துக்கம் கேட்க டாக்டர் ரீம் படகில் வந்து இறங்கினார். தண்ணீர் ஆறிக்கொண்டிருப்பதையும் பெண்கள் நிற்பதையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"நான் இதுவரைக்கும் யாரையும் குளிப்பாட்டினதில்ல. சொல்லிக் குடு," என்றார் என்னிடம்.

நாங்கள் இருவருமாகக் குளிப்பாட்டினோம். அவர் பயமில்லாமல் தொட்டார். சல்ஹா உடலைச் சுற்றும் கஃபன் துணியை வாசலுக்கு வெளியே நின்று நீட்டினாள். உள்ளே வரவில்லை.

உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும் முன் அத்தான் டாக்டரிடம் வந்தார்.

"அந்த மருந்து வேல செஞ்சுதா, இல்லையா?"

"போய்ச் சேந்த எடத்துல செஞ்சுது."

"பத்தல."

"ஆமா, பத்தல."

அத்தான் தலையாட்டினார். முன்பக்கம் போய்த் தோள் கொடுத்தார்.